எங்கள் குளத்துக்கு நான் உப்புப் போட்ட நாள்

சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் ஒரு குளத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்று மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும், பதில் சொல்லாமல் என் வீட்டைக் கைகாட்டுவார்கள்.

சந்தின் கோடியில் அந்தக் குளம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கால்வாய். கால்வாய் போய்க் காயலில் சேரும், காயல் போய்க் கடலில் சேரும். குளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பிய மதகு. மழைக்காலத்தில் குளம் வழியும்போது பலகையை எடுப்பார்கள். மழை விட்டதும் திரும்பப் போட்டு மண் பூசிவிடுவார்கள். சின்ன வயதில் இதையெல்லாம் வேடிக்கை பார்த்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பலகையை எடுத்தால் தண்ணீர் வெளியே போகும். (ஆஹா, என்ன ஒரு அறிவு!)

அம்மாவுக்கு இட்லிக் கடை. கடை என்றால் வாசலில் ஒரு மேசை, ஒரு அண்டா சாம்பார், அவ்வளவுதான். மசாலாக் குடோன்களில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்குப் போகும் வழியில் சாப்பிட்டுப் போவார்கள். அரிசி ஊறப்போடுவதிலிருந்து சாம்பார் வரை எல்லாமே எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நம்பினால் அன்றைக்குக் கடை இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டை நடத்தியது அந்தக் கிணறுதான்.

அந்த வருடம் கோடையில் குளம் முழுக்கப் பாயல் மூடிவிட்டது. அதுதான், நீரே தெரியாமல் பச்சைக் கம்பளிபோல் படரும் நீர்ச்செடி. உடனே வாட்ஸ்அப்பில் குளம் காக்கும் கமிட்டி ஒன்று உருவானது. செயலாளர் அடியேன். போனில் இரண்டு வீடியோ பார்த்திருந்தேன், வேறு தகுதி வேண்டுமா?

"குளம் பூமியோட நுரையீரல்மா" என்றேன் அம்மாவிடம். (அது காட்டைப் பற்றிச் சொல்வது என்று பிறகுதான் தெரிந்தது.)

"அது பாட்டுக்குக் கெடக்கு. நீ ஏன்டா போய் நோண்டுற?" என்றாள் அம்மா.

பாயலைக் கையால் வாரிப் போடலாம் என்றான் கூட்டாளி ஷாஜி. எனக்கு வந்ததே கோபம்! "மாசக்கணக்கா வாரிட்டே இருப்பியா? மதகைத் திற. எல்லாம் தானா போயிடும்."

"அது சரியாணல்லோ" என்றான் ஷாஜி. அவன் மட்டுமல்ல, சந்தே தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊறி உப்பிய பலகைகள் அசையவில்லை. கோடாலியால் பிளந்தோம். தண்ணீர் குபுகுபுவென்று கால்வாய்க்குள் பாய்ந்தது, பாயல் ஊர்வலம்போல் பின்னாலேயே போனது. அப்போது காயலில் வேலியிறக்கம், கடல் உள்வாங்கியிருந்த நேரம். அது எனக்கு எங்கே தெரியும்? என் திறமை என்றே நினைத்தேன். கவுன்சிலர் எனக்கு மாலை போட்டார். பிளந்த பலகைகளில் நீருக்கு மேலே காய்ந்து கிடந்ததைப் பொறுக்கி அடுப்பெரித்து எல்லோருக்கும் கப்பைக் கிழங்கு வேகவைத்தோம். மீன்குழம்போடு வயிறு முட்டத் தின்றேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சபூரா இத்தா வாசலில் நின்று கத்தினார்.

"எடா, வெள்ளம் திரிச்சு வருதுடா! ஓடி வா!"

ஓடினோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. போன வழியிலேயே, பாயலையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீர் குளத்துக்குள் வந்துகொண்டிருந்தது. குளத்தைப் பாதி காலி செய்து இடம் வேறு ஒதுக்கி வைத்திருந்தேனே!

"பலகை எவிட?" என்றார் இத்தா.

பாதிப் பலகை கப்பை அடுப்பில் சாம்பலாகக் கிடந்தது, மீதி கோடாலி பிளந்த சிம்பு. பழைய கட்டில், தகரம், மண்மூட்டை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்தோம். கடைசியில் விழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸையும் இழுத்துக் கட்டினோம். அதில் நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் வாய் இருந்த இடம் கிழிந்து, அதன் வழியாகக் கடல் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த சில நாட்களில் வரால் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தவளைச் சத்தம் நின்றது. கொக்குகள் வந்து தின்றுவிட்டுப் போயின, பிறகு அவையும் வரவில்லை. நாற்றம் தாங்காமல் சந்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஒரு காலை, தினமும் சாப்பிட வரும் ஜோசப் சேட்டன் சாம்பார் இறக்குமுன்பே அவசரமாக ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"சேச்சி, உப்பு கூடிப்போயல்லோ."

அம்மா கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இன்னும் உப்பே போடலைடா."

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. குளம் வேடிக்கை பார்க்கிற தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மழையைப் பிடித்து வைத்து, நல்ல தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி, அடியில் காத்திருக்கும் உப்பைக் கிணறுகளின் பக்கம் வரவிடாமல் அதுதான் தடுத்துக்கொண்டிருந்தது. அதன் முதுகில் நான் கோடாலியைப் போட்டுவிட்டேன்.

விலைக்குத் தண்ணீர் வாங்கி இட்லி விற்றால் கட்டுமா? கடையை மூடினோம். அம்மா விடிகாலை பஸ்ஸில் எர்ணாகுளம் போய் ஒரு ஹோட்டல் சமையலறையில் இட்லி ஊற்றினாள். அவள் கை இட்லி, யாரோ ஒருவர் கடை. அந்தக் கோடையில் சபூரா இத்தா வீட்டு வாழைகளும் கருகின. மழை வந்ததும் கொசுவும் வந்தது, அதன் புழுக்களைத் தின்ன குளத்தில் மீன் இல்லை.

புதுப் பலகை போட்டோம். பாயலைக் கையால் வாரினோம், ஆமாம், மாசக்கணக்காகத்தான். ஒவ்வொரு மழைக்கும் வேலியிறக்கத்தில் மதகைத் திறந்து, கடல் திரும்புமுன் மூடி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினோம். கிணறு பழையபடி ஆகப் பல மழைக்காலம் பிடித்தது. அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் திரும்பவில்லை.

இப்போது மதகுக்குக் காவல் நான்தான். குப்பை கொட்ட வந்தாலும் விடமாட்டேன். கரையை மண் நிரப்பி டைல்ஸ் போட்டு அழகுபடுத்தலாம் என்று எவனாவது வந்தால் தொலைந்தான். குளத்தைக் காப்பாற்ற முதல் வழி, என்னைப்போல் ஆர்வமாக வருகிறவனை வாசலிலேயே நிறுத்துவது.

வீட்டில் ரசத்தில் உப்புக் குறைந்தால் என் மனைவி, "உங்க பிள்ளையைப் போய் மதகைத் திறக்கச் சொல்லுங்கத்தே" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அம்மாவும் சிரிப்பாள்.

ஆனால் தினமும் காலையில் கிணற்றில் இறைத்த முதல் டம்ளர் தண்ணீரை அம்மா என்னிடம்தான் நீட்டுகிறாள். "நீ குடி மொதல்ல."

குடிக்கிறேன். "நல்ல தண்ணிம்மா" என்கிறேன். நான் சொல்வதை அவள் காதில் வாங்குவதில்லை. முழுங்குகிறேனா என்று என் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.