பொடியெழுத்து சாரும் என் அடிக்குறிப்புகளும்

மைசூரில் முனைவர் பட்டம் வாங்கிய அத்தனை பேரின் ஆய்வேடுகளையும் மேலே ஒரு வரிகூடப் படிக்காமல், பக்கத்தின் அடியில் இருக்கும் பொடியெழுத்தை மட்டும் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் பொடியெழுத்து சார்தான். சரஸ்வதிபுரத்தில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்த கொள்ளேகால்காரர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட மணமக்களை விட்டுவிட்டு அடியில் இருக்கும் அச்சக முகவரியைத்தான் படிப்பார். அடிக்குறிப்பை வைத்தே ஆளை எடை போடுவார்.

"அந்தப் புரொபசருக்கு இருபது பக்கமா ‘மேற்படி நூல்’ தானுங்க. ஒரே புஸ்தகத்தோட குடும்பம் நடத்துறாரு."

தொண்ணூறுகளின் கடைசியில், கோயம்புத்தூர் கல்லூரி வேலை எனக்காகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அது போச்சு. திங்களன்று பல்கலைக்கழகத் துறையின் பழைய கம்ப்யூட்டரில் என் பிளாப்பியைப் போட்டார்கள். கட்டுரை வந்தது, அடிக்குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. நான் அழாத குறையாக, அதை டைப் செய்து கொடுத்த பொடியெழுத்து சாரிடம் ஓடினேன்.

"தானா நம்பர் போடுற குறிப்பை அந்த மிஷின் படிக்காதுங்க அம்மிணி. ஒவ்வொண்ணாப் பிரிச்சு, சாதா எழுத்தா அத்தியாயத்துக் கடைசியில ஒட்டோணும். ஆனா ஒட்டினப்புறம் நடுவுல ஒண்ணைச் சேர்த்தா எல்லா நம்பரையும் கையில மாத்தோணுமுங்க. அதனால முதல்ல எல்லாம் சரியா இருக்கோணும்."

செவ்வாயன்று அறுபதாவது குறிப்பில் பக்க எண் இல்லை என்று நூலகத்துக்கு விரட்டினார். புதனன்று தொண்ணூற்றிரண்டாவது குறிப்பில் நூல் வந்த ஆண்டு சந்தேகம். போய்ப் பார்த்தால் ஆண்டு சரியாகவே இருந்தது. வியாழனன்றும் ஒரு குறிப்பைக்கூடப் பிரிக்காமல் எனக்குக் காபி சொன்னார். பொறுமை போய்விட்டது.

"சார், நாளைக்கு கடைசி நாள். வேணும்னே இழுக்கறீங்களா?"

அவர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆமாங்க அம்மிணி. குறிப்பு சேர்க்க மூணு வருசமா வர்றீங்க. பிரிச்சு ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. எல்லாரும் நேரா பைண்டிங் கடைக்குப் போயிருவாங்க. அப்புறம் ரோட்டுல பார்த்தா தலையாட்டறதோட சரி."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, அவர் வெட்டி எடுத்து ஒட்டினார். இருநூற்றுப் பதினான்கு குறிப்புகள். நடுநடுவே, "இது நல்ல குறிப்புங்க" என்று ஒன்றிரண்டுக்குப் பாராட்டு வேறு. சாயங்காலம் பிளாப்பியை என் கையில் கொடுத்தார்.

"சேர்க்கறதுக்கு ஏதாச்சும் விட்டுப் போச்சுங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன், பெருமையாக.

வேலை கிடைத்தது. கோயம்புத்தூர் போனேன், மைசூருக்குத் திரும்பிப் போகவில்லை. எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன். குறிப்புகளை இன்று கம்ப்யூட்டரே நொடியில் பிரித்துவிடுகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கடைக்காக மனசு ஏங்குகிறது. அவர் மட்டும் இப்போது கேட்டால், "ஒண்ணு விட்டுப் போச்சு சார்" என்று பொய் சொல்லி அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன்.