மூடுபனிக்கு அளவெடுத்த விவரம்

அன்புள்ள அக்கா ஆஸ்ட்ரிடுக்கு,

தம்பி வெர்ன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி கரோல், குழந்தை லினியா, பூனை அனைவரும் சுகம். என் இடதுகைக் கட்டைவிரல் மட்டும் சூடான பசையில் மாட்டி இப்போதுதான் மெல்லத் தேறி வருகிறது. ஃபார்கோவில் தங்கள் சுகத்தையும் அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

லினியாவின் ஹாலோவீன் வேஷத்துக்கு அளவு கேட்டு எழுதியிருந்தீர்கள். ஹாலோவீன் முடிந்த பிறகு பதில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் நீங்கள் தைத்து அனுப்பிய ஆந்தைக்கும் பூசணிக்காய்க்கும் உள்துணி இருந்தது, பை இருந்தது, பைக்கு மூடி இருந்தது. என் கல்யாணக் கோட்டுக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடைக்கவில்லை. ஆனாலும் இனி தங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று தெரிவிக்கவே இக்கடிதம். இந்த வீட்டில் வேஷம் கட்டும் பொறுப்பை இனி நானே ஏற்கிறேன். அதற்கான தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை லினியா ஓட்ஸ் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கி, இந்த வருடம் தான் மூடுபனியாகப் போகப்போவதாக அறிவித்தாள். ஏழு வயதுப் பிள்ளைகள் சூனியக்காரியாகப் போவார்கள், எலும்புக்கூடாகப் போவார்கள். நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்து அடுக்குவது என் பிழைப்பு என்பதால், மூடுபனி எந்த வகையில் சேரும், பேயா, விலங்கா, தொழிலா என்று விசாரித்தேன். “அதெல்லாம் இல்லப்பா. அது பாட்டுக்கு வரும், அப்புறம் எல்லாம் காணாமப் போயிடும்” என்றாள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் இதற்கு மேல் என்ன வாதாடுவது?

கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்பது கரோலின் ஒரே நிபந்தனை. ஆகவே குளியலறை ஜன்னலின் வலைத்திரையைக் கழற்றி அங்கியாக்கினேன், கம்பி ஹேங்கர்களை வளைத்து அதற்கு எலும்பு கொடுத்தேன், என் தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்தேன், அந்தத் தலையணை உறையையே மிட்டாய்ப் பையாகக் கொடுத்துவிட்டேன், ஆனால் பஞ்சு ரொம்ப வெள்ளை, நம்ம ஏரிப் பனி வெள்ளையே இல்லை, அழுக்குச் சாம்பல், அதற்கு ஏற்ற பொருள் துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் படிகிற தூசுப்பஞ்சுதான் என்று கண்டுபிடித்து, ஒரு மாதம் அதைச் சேர்த்து வைத்தேன். நடுவில் கரோல் தன் சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டு உலர்த்திவிட்டதால் ஒரு பக்கம் மட்டும் அந்திநேரப் பனியாகிவிட்டது. பூனை அதைத் தனக்காகச் செய்யும் படுக்கை என்றே கடைசிவரை நம்பியது. ஜன்னலில் திரை இல்லாமல் போனதிலிருந்து எதிர்வீட்டு மிஸஸ் ஹல்வர்சன் என்னைத் தெருவில் பார்த்தால் ஏரியைப் பார்க்கிறார்.

எல்லாம் ஒட்டி முடித்து, தூரத்தில் நிறுத்திப் பார்த்தபோது, அக்கா, உண்மையாகவே சொல்கிறேன், குழந்தையின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மெதுவாகத் திரும்பினாள், கூடத்திலிருந்த நாற்காலிகள் கொஞ்சம் தள்ளிப் போனமாதிரி இருந்தது. அந்த நிமிடம் நான் பெருமைப்பட்டேன். அதற்கான தண்டனை உடனே வந்தது. அளவெடுத்தபோது அவள் மேலே போடும் கோட்டை மறந்திருந்தேன்! மினசோட்டாவில் அக்டோபர் கடைசியில் எந்த வேஷமும் பனிக்கோட்டின் மேல்தான். நாம் இருவரும் கோட்டுப் போட்ட காட்டேரிகளாக அலைந்தவர்கள்தானே. அப்படியிருந்தும் மறந்தேன். முதுகைக் கிழித்து, கோட்டின் மேல் மாட்டி, நடுவே மிச்சப் பஞ்சைத் திணித்ததில் மூடுபனி உருண்டையாகிவிட்டது. பள்ளி ஊர்வலத்தில் ஆசிரியை அவளைப் பார்த்து மகிழ்ந்து, இடையன் வேஷம் போட்ட பையன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். மேசை முன் உட்கார்ந்து, நான் யாருன்னு சரியா சொல்ற வீட்டுல மட்டும்தான் மிட்டாய் வாங்குவேன், நானாச் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது என்றாள். ஒருத்தரும் சொல்லலைன்னா என்று கேட்டேன். “அப்போ நான் நல்லா இல்லைன்னு அர்த்தம்” என்றாள். வேஷத்தைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வீடு வீடாக மிட்டாய் கேட்கக் கிளம்பினோம். வாசல் விளக்கு எரிகிற வீடாகப் பார்த்து ஏறினோம். முதல் வீட்டில் செம்மறியாடு என்றார்கள். அடுத்த வீட்டில் பஞ்சுமிட்டாய். ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்து, பிசைந்த உருளைக்கிழங்கா கண்ணு என்று பாசத்தோடு கேட்டார். மிஸஸ் ஹல்வர்சன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வித்தியாசமா இருக்கே” என்றார். நம்ம பக்கத்தில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் லினியா நன்றி சொல்லி, மிட்டாய் வேண்டாம் என்றாள். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதானே நமக்கு மரியாதை, இவள் மூன்றாம் தடவையும் வேண்டாம் என்கிறாள், இப்படி ஒரு குழந்தையை அந்தத் தெரு பார்த்ததே இல்லை, மிஸஸ் ஹல்வர்சன் கிண்ணத்தோடு படியிறங்கி எங்க பின்னாலேயே வர ஆரம்பிச்சுட்டார், எனக்குத் தர்மசங்கடம் தாங்கலை, சொல்லத்தானே கூடாது, சைகை காட்டலாமே என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையாலும் பனி மெல்லப் படர்ந்து வருவதைக் காட்டினேன். ஒரு வீட்டில் தேனீக் கூட்டமா என்றார்கள். இன்னொரு வீட்டு அம்மாள், உங்க அப்பாவுக்கு மூச்சுத் திணறுதா, தண்ணி வேணுமா என்று பதறினார். லினியா திரும்பாமலே, “அப்பா, கையைப் பாக்கெட்ல வை” என்றாள்.

வைத்தேன். பை காலியாகவே ஆடிக்கொண்டு வந்தது. அப்போதுதான், அக்கா, ஏரிப் பக்கத்திலிருந்து அது வந்தது. சத்தமே இல்லை. முதலில் தெருக்கோடி தேவாலயக் கோபுரத்தை வாங்கிக்கொண்டது, பிறகு மரங்களை, பிறகு மிஸஸ் ஹல்வர்சனையும் அவர் கிண்ணத்தையும். மற்றப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல்கள் எங்கோ கேட்டன. வாசல் விளக்குகள் எல்லாம் வெந்நீரில் உருகிய வெண்ணெய்போல் மஞ்சளாக மிதந்தன. பக்கத்தில் பார்த்தால் என் பெண் பாதிதான் இருந்தாள், அப்புறம் அதுவும் இல்லை. தலையணை உறை மட்டும் தனியாக என்னோடு நடந்து வந்தது. வீட்டுக்குப் போயிடலாமா என்று உறையைக் கேட்டேன். இன்னும் ஒரே ஒரு வீடு என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அது கோஸ்கி தம்பதியின் வீடு. நான் படியின் கீழேயே நின்றுவிட்டேன். மணி அடித்தது. மிஸஸ் கோஸ்கி கதவைத் திறந்து, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரு அது என்று உள்ளேயிருந்து ரெய்னோ கோஸ்கி கேட்டார்.

“யாருமில்ல. வெறும் பனிதான்.”

“கதவைச் சாத்து. உள்ள வந்துரும்.”

“வரமாட்டேன்” என்றது பனி, மிகவும் மரியாதையாக. “மிட்டாய் குடுத்தா போயிடுவேன்.”

மிஸஸ் கோஸ்கி மிட்டாய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். பிறகு குரல் வந்த திசையில் கிண்ணத்தை முழுசாகக் கவிழ்த்தார். “இந்த வருஷம் சீக்கிரமாவே வந்துட்டியேம்மா” என்றார். மிட்டாய்கள் விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

வீடு திரும்பும்வரை நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. வலைத்திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அது போன வழியே போனேன். எங்கே திரும்பினோம், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

ஆகவே அக்கா, தங்கள் தையல் இயந்திரம் இனி நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும். உருவமே இல்லாத ஒன்றுக்கு உடை தைத்தவனுக்கு இனி எந்த வேஷமும் பெரிதல்ல. அத்தானின் முழங்கால் விரைவில் மடங்கவும், தங்கள் வீட்டு அடுப்பு குளிர்காலம் முழுதும் அணையாதிருக்கவும் வேண்டுகிறோம். கரோல் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பூனை எதுவும் சொல்லவில்லை, அது பனிக்குள் தூங்குகிறது.

தங்கள் அன்புத் தம்பி,
வெர்ன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லினியா வந்து, அடுத்த வருட வேஷத்தை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையாகப் போகிறாளாம். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கோட்டோடு சேர்த்து எடுத்த அளவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.