முன்னறிவு: பூஜ்ஜியம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புதிதாக எதையாவது படித்துவிட்டால் அதை யார் தலையிலாவது கட்டாமல் தூக்கம் வராது. பி.எட். படித்தபோது முன்தேர்வு பற்றிப் படித்தேன். பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று தேர்வு வைத்துப் பார்த்து, அதற்கேற்பப் பாடத்தைத் திட்டமிட வேண்டும். நல்ல முறைதான். அதை என் கையில் கொடுத்ததுதான் தப்பு.

படிப்பை முடித்து, நான் கல்யாணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து சிகந்திராபாத் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவர் கச்சிபௌலியில் வேலை. காலையில் கேப் ஏறினால் ராத்திரிதான் முகம் தெரியும். நான் படியேறிய பள்ளிகளில் எல்லாம் ஒரே கேள்வி: எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா? (வேலை கொடுத்தால்தானே அது வரும், மகராசா.) அந்த நேரத்தில்தான் எங்கள் சர்ச்சில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆள் தேடினார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் மூன்று மாதம் நடத்தினால் அனுபவக் கடிதம் தருவதாகப் பொறுப்பாளர் எட்வின் அங்கிள் சொன்னார். அந்த ஒரு தாளுக்காக நான் சர்ச்சுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாலும் அடித்திருப்பேன்.

எட்வின் அங்கிள் ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்தே இந்த ஊர். முதல் நாள் நான் கேள்வித்தாள் கட்டோடு போய் நின்றதும் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“டெஸ்ட் கைக்கும்மா?” என்றார். (கைக்கு என்றால் இந்த ஊரில் ‘எதற்கு’.) “பிள்ளைங்ககூட ரெண்டு வார்த்தை பேசிப் பாரு. தெரிஞ்சிடும்.”

“இல்ல அங்கிள். முறையா செய்யணும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முதல் ஏழாவது வரை படிக்கும் பதினான்கு பிள்ளைகள். முப்பது கேள்விகள். வல்லினம், மெல்லினம், இடையினம் எவை? யானையைப் பற்றி ஐந்து வரி எழுதுக. இரண்டு பேர் தங்கள் பெயரையே தெலுங்கில் எழுதியிருந்தார்கள். யானைக்கு எட்டுப் பேர் படம் வரைந்திருந்தார்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண் மூன்று. அதிலும் இரண்டு, தாளைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக நான் போட்டது. முறைப்படி பட்டை வரைபடமும் வரைந்தேன். பட்டைகள் எழும்பவில்லை. அடிக்கோடு மட்டும் இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில் ‘தமிழில் முன்னறிவு: பூஜ்ஜியம்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அதற்கேற்பப் பாடத்தைத் திட்டமிட்டேன். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்பதால் ஆங்கிலத்திலும் கைஜாடையிலும் பேசினேன். ஒரு பந்தைத் தூக்கிக் காட்டி, “இது... பந்து” என்பேன். பதினான்கு பேரும், “இது பந்து” என்பார்கள். ஷெரின் என்ற ஐந்தாம் வகுப்புப் பெண் கொட்டாவி விடுவாள். பூஜ்ஜியத்திலிருந்து வருகிற பிள்ளை, களைப்பாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவேன்.

பதினொரு மணிக்கு அவர்களை எழுத்து எழுதச் சொல்லிவிட்டு ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போடுவேன். அந்த வாரம் முழுவதும் அடக்கி வைத்ததை எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் கொட்டுவேன். வெளியே போய்ப் பேசலாமே என்று கேட்பீர்கள். எதற்குப் போக வேண்டும்? அறையில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. கையெழுத்துப் போட்ட ஆதாரம் என்னிடம் இருந்தது.

பிள்ளைகள் அந்த நேரத்தில் மட்டும் அடிக்கடி சிரித்தார்கள். எழுதுவதில் அவ்வளவு சந்தோஷம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ஒரு சனிக்கிழமை போனில், “எக்கா, தண்ணி தவிக்குது, இரு” என்று சொன்னேன். நான் எழுந்திருப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஜோயல் தன் பாட்டிலைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். இந்தப் பையனுக்குத்தான் எத்தனை இரக்கம் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. நான் படித்தவள் அல்லவா?

மூன்று மாதம் முடிந்தது. நிறைவு விழா. பெற்றோர் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் கவரில், எட்வின் அங்கிள் சட்டைப்பையில். கண்ணாலேயே பார்த்துவிட்டேன். என் கணவர் கடைசி வரிசையில் நின்று போனில் வீடியோ எடுத்தார். முன்தேர்வு வைத்தால் பின்தேர்வும் வைக்க வேண்டும் என்பது முறை. ஆகவே ஒவ்வொரு பிள்ளையாக மைக்கில் வந்து ஒரு தமிழ் வாக்கியம் சொல்ல ஏற்பாடு.

முதல் பிள்ளை, “இது பந்து” என்றது. கைதட்டல். இரண்டாவது, “பந்து உருண்டை” என்றது. எட்வின் அங்கிளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கை வாங்கினார். “பந்து போதும்ப்பா. மிஸ் பேசி நீங்க கேட்டது எதுவானாலும் சொல்லுங்க. பயம் நக்கோ” என்றார். (நக்கோ என்றால் ‘வேண்டாம்’.)

ஷெரின் வந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“எக்கா, அந்த மனுசன் கையில மைக்கு கிடைச்சா லேசுல விடமாட்டாரு. அறிவிப்பு வாசிக்கச் சொன்னா அரை மணி நேரம் அறுக்காரு.”

ஹாலில் வடாற்காட்டுத் தமிழ் பேசுகிற குடும்பங்கள்தான் அதிகம். ‘எக்கா’ என்று சொல்லும் ஒரே ஜீவன் நான். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

அடுத்து ஜோயல். “தலைக்கு மை அடிச்சிருக்காரு எக்கா. வேர்த்துச்சுன்னா காதோரமா வழியுது. யாரும் சொல்லவும் மாட்டேங்காங்க.” நான் மூச்சு விடும் இடத்தில் அவனும் மூச்சு விட்டான்.

எட்வின் அங்கிள் கைக்குட்டையை எடுத்தார். காதோரம் மெதுவாகத் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். ஹாலே பார்த்தது.

நான் மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். அதற்குள் மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று, எட்டாத மைக்கை எட்டிப் பிடித்துக் கடைசி வாக்கியத்தைச் சொன்னது: “லெட்டர் மட்டும் கிடைக்கட்டும் எக்கா. அன்னைக்கே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன்.”

உச்சரிப்பு பிரமாதம். ழகரம் ஒன்றுதான் பாக்கி.

விழா முடிந்து எல்லோரும் டீக்குப் போன பிறகு அங்கிள் முன் போய் நின்றேன். அழுகைதான் வந்தது. கடிதம் போயிற்றே என்ற அழுகை பாதி. மீதிப் பாதி, என்னை நம்பி அறையைத் திறந்துவிட்ட மனிதரைப் பிள்ளைகள் வாயால் அவமானப்படுத்திவிட்டேனே என்பது.

“மன்னிச்சிருங்க அங்கிள். அதுங்களுக்குத் தமிழே தெரியாதுன்னு நெனச்சேன்.”

“யார் சொன்னது? வீட்டுல நாங்க எல்லாம் தமிழ்லதானே திட்டுறோம். அதுங்க பதில்தான் தெலுங்குல, ஹிந்தில வரும். எழுதத்தான் வராது. நான் பேசிப் பாருன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க அங்கிள்.”

அவர் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார். கொடுக்கப்போகிறார் என்று கையை நீட்டினேன். “இது வேணாம். திருத்தி எழுதணும்” என்று திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டே வரி கூடுதலாக இருந்தது. ‘இவரிடம் மூன்று மாதம் பயின்ற பிள்ளைகள் மேடையில் சரளமாகத் தமிழ் பேசினார்கள். பேசியது முழுவதும் என்னைப் பற்றி.’ கடிதத்தை நீட்டிய மனிதரின் தலை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்பிறகு அவர் மை அடிக்கவே இல்லை. (மைக் விஷயத்தில் மாற்றமில்லை.)

அந்தக் கடிதத்தோடுதான் காஞ்சன்பாக் பக்கம் ஒரு பள்ளியில் நேர்காணலுக்குப் போனேன். தலைமை ஆசிரியை கடைசி வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். மறைக்க வழியில்லை. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புது வகுப்பில் முதல் நாள் என்ன செய்வீர்கள்?” என்றார். “தாளைக் கொடுக்கும் முன்னால் பிள்ளைகளோடு பேசுவேன்” என்றேன். அங்கேதான் இன்றும் வேலை பார்க்கிறேன்.

கணவர் எடுத்த வீடியோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு சுற்று வரும். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில். போன சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். பேசுவதற்கு நிறைய இருந்தது, மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். மகளை வெளியே போய் விளையாடச் சொன்னேன்.

“நாக்கு தமிழ் ராது மம்மி” என்றாள். எனக்குத் தமிழ் வராது என்று அர்த்தம். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.