ஸ்டூலைத் தொட்டபடி நின்றவர்

உலகில் வேலை செய்கிறவர் உண்டு, செய்யாதவரும் உண்டு. இவ்விருவருக்கும் நடுவே, செய்கிறவரின் தோளருகே சற்றுச் சாய்ந்தபடி, மூன்றாவது இனம் ஒன்று நிற்கிறது. அது தனக்குத் தானே ஓர் ஆங்கில வினையைச் சூட்டிக்கொண்டிருக்கிறது: கொலாபரேட். அகராதி இதற்குச் 'சேர்ந்து உழைத்தல்' என்று பொருள் கூறும். அகராதிக்காரர்கள் பாவம், அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்ததில்லை. வழக்கில் இதன் பொருள், உழைப்பவரோடு சேர்ந்திருத்தல்.

இவரை நீங்கள் அறிவீர்கள். பீரோவை நால்வர் தூக்கினால் ஐந்தாவதாக வந்து உள்ளங்கையை அதன்மேல் வைப்பார். மாடி ஏறியதும் முதலில் மூச்சு வாங்குகிறவரும் அவரே. கூட்டத்தில், "இதக் கொலாபரேட் பண்ணுவோம்" என்பார். அடுத்த கூட்டத்திற்கு நாள் குறிப்பார். பிறர் எழுதி வந்ததைப் புரட்டி, "நல்லா வந்திருக்கு, இன்னும் கொஞ்சம் செதுக்கணும்" என்பார். எந்த இடத்தில்? அதைக் கேட்கக் கூடாது.

இத்தனை நுணுக்கமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஐம்பத்தோராண்டுகளாக அவரோடு ஒரே சட்டைக்குள் வாழ்கிறேன்.

ஆங்கில வினைச்சொற்களுக்குத் தமிழில் பொருளும் வழக்கும் கூறும் கையேடு ஒன்றை எங்கள் கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர் ஒருவரும் நானும் 'சேர்ந்து' எழுதினோம். அந்தப் பெண்ணின் வேலை நிரந்தரமாவது இந்தக் கையேட்டைப் பொறுத்தது. நேர்காணல் நெருங்கியபோது அவர் ஒரு படிவத்துடன் வந்தார். யார் எதை எழுதினார் என்று இருவரும் தத்தம் கட்டத்தில் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் முழுவதும் மூத்தவர் எழுதியதாகவே கொள்ளப்படும்.

"சார், என் கட்டத்த நிரப்பிட்டேன். உங்களோடது மட்டும் பாக்கி."

அவர் கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வினைகள் இருந்தன. கையேட்டில் இருப்பதே முந்நூற்றுப் பன்னிரண்டுதான்.

"வச்சிட்டுப் போங்கம்மா. உக்காந்து கொலாபரேட் பண்ணி முடிச்சிடலாம்."

"நாளைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும் சார்."

வீட்டில் அமர்ந்து என் பங்கைத் தேடினேன். இரண்டாண்டுகளில் நான் செய்ததாக நினைவுக்கு வந்தவை இவ்வளவே: ஒருமுறை எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பிறகு சிறிதாக்கச் சொன்னேன். முன்னுரையில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன். மறுவாரம் அதை அவ்விடத்திலேயே வைத்தேன். வேறொன்றும் அகப்படாமல், கடைசியில் 'கருத்தாக்கம், நெறிப்படுத்தல், ஒட்டுமொத்த மேற்பார்வை' என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"இப்படி எழுதினா அந்தப் பொண்ணு என்னதான் பண்ணினான்னு கேக்க மாட்டாங்களா?"

"நானும் கூடவே இருந்தேன் இல்ல?"

"இருந்தீங்க. போன வாரம் நான் திரை மாட்டினப்பவும் இருந்தீங்க, ஸ்டூலத் தொட்டுக்கிட்டு. ஸ்டூல் அதுபாட்டுக்குத்தான் நின்னுச்சு."

மறுநாள் மூன்றே முக்காலுக்கு என் கட்டத்தில் ஒரே சொல் எழுதிக் கையெழுத்திட்டேன்: 'உடனிருந்தேன்.' விரிவுரையாளர் அதைப் படித்தார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். படிவத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். வேலை நிரந்தரமாயிற்று. இரண்டாண்டுகளில் அந்தக் கையேட்டுக்காக நான் எழுதிய ஒரே சொல் அதுதான். அதிலும் பாதி மனைவியுடையது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக உங்கள் வீட்டுப் பீரோவை நகர்த்தியபோது உங்கள் கை எங்கே இருந்தது என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அல்லது, 'அருமை, இதே பொருளில் நாம் சேர்ந்து ஒரு நூல் எழுதலாமே' என்று எனக்குக் கடிதம் போடத் தோன்றுகிறதா? போடுங்கள். யார் எழுதுவது என்பதை முதல் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.