ஐஸ் கம்பெனி ஆதாரம்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "ஒக்காருங்க, நீங்கதான் அவருங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஜெகதாப்பட்டினத்தில்தான் இருந்தார். நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியின் கேஷியர். ஊரே அவரை 'ஆதாரம்' என்றுதான் கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

எதிர்க்கட்சி, விசைப்படகு டிரைவர் சூசை. அவர் கடலுக்குப் போகாத நாளெல்லாம் கம்பெனி வாசல் டீக்கடையில் இரண்டு பேருக்கும் வழக்கு நடக்கும்.

"ஐஸுக்குக் காரணம் மெசினு. மெசினுக்குக் காரணம் அதைச் செஞ்சவன். அவனுக்கு அவங்கப்பன். இப்படியே போனா எல்லாத்துக்கும் முன்னாடி ஒருத்தர் இருக்கணும்லண்ணே?" என்பார் சூசை.

"ஏன் இருக்கணும்? கியூ பின்னாடி போய்க்கிட்டே இருக்கட்டுமே. ஒனக்குக் கால் வலிச்சா நீ ஒக்காரு. அதுக்காக கியூ முடிஞ்சிருச்சுன்னு சொல்லாத."

"சரி, தண்ணிக்குள்ள மூச்சு விடணும்னு யோசிச்சு மீனுக்குச் செவுளு வச்சது யாரு?"

"அதே ஆளுதான் ஒன் வலையையும் யோசிச்சாரா?"

இதைக் கேள்விப்பட்ட நாத்திகர்கள், நம்ம ஆள்தான் என்று அவரை மணமேல்குடியில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மேடையில் இருந்தவர் "கடவுள் இல்லை" என்றதும் இவர் எழுந்து, "ஆதாரம்?" என்றார்.

"இல்லாததுக்கு எப்படிங்க ஆதாரம் காட்டுறது?"

"அப்ப, இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க."

திரும்பும்போது வேனில் இடமில்லை என்றுவிட்டார்கள். பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

அப்புறம் ஒருநாள், எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் சூசையின் படகை ஆட்களோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கம்பெனிக்கு வந்து, "நீங்களும் மாதா கோயிலுக்கு வந்து வேண்டிக்கங்கண்ணே. அவரு வீட்டுல எப்பவும் ஒங்க பேச்சுத்தான்" என்றார். ஆதாரம் மறுகேள்வி கேட்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து தினமும் போய்ப் பின்வரிசையில், கண்ணை மூடாமல், நின்றார்.

"நம்பிக்கை வந்திருச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அங்க போயி நான் ஆதாரம் கேக்கல. ஆளைக் கேக்குறேன்."

ஒருவழியாக விடுதலையாகி, மெலிந்துபோய், தாடியோடு வந்தார் சூசை. வீட்டில் முகம் காட்டிவிட்டு உடனே டீக்கடைக்கு வந்துவிட்டார்.

"நீங்க கும்பிட்டதுக்குத்தாண்ணே விட்டாங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

"தனக்குன்னு யாருமே கும்பிடாத ஆளுகளையும் சேத்துத்தானடா விட்டாங்க?" என்றார் ஆதாரம்.

வாதத்தில் அன்றைக்கும் அவர்தான் ஜெயித்தார். பேசி, டீ குடித்து, சூசை கிளம்புகிறவரைக்கும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்த பிடியை மட்டும் ஆதாரம் விடவே இல்லை.