எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன், அத்தான்

கட்கி, புனே

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தானுக்கு,

மைத்துனன் டக்ளஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கு நான், பாக்கியவதி, மகள் ரெனிட்டா மூவரும் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தையும் அக்காவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். பாளையங்கோட்டையில் வெயில் தொடங்கிவிட்டதா என்று எழுதவும். இங்கே ஸ்வெட்டர் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு 'பர்ன் அவுட்' வந்திருக்கிறதாம். டாக்டர் சொல்லவில்லை, ரெனிட்டா சொல்கிறாள். அவள் கம்பெனியில் வேலை செய்து செய்து வெறுத்துப்போகிறவர்களுக்காக ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து, பேசாமல் சப்பாத்தி தின்றுகொண்டிருந்த என்னை விசாரிக்க ஆரம்பித்தாள். காலையில எழும்பும்போதே களைப்பா இருக்கா, போன் அடிச்சா எரிச்சல் வருதா, முன்னாடி பிடிச்ச வேலை இப்ப பிடிக்கலையா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். உடனே பெயரைச் சொல்லிவிட்டாள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறவனுக்கு என்ன வேலைக் களைப்பு என்று சத்தம் போட்டேன். பாக்கியவதி அடுப்படியிலிருந்தே, "ஃபாக்டரியில சங்கு ஊதினா வீட்டுக்கு வந்தீங்க. சபையில யாரு ஊதுவா?" என்றாள். நான் அடுத்த சப்பாத்தியை எடுத்துக்கொண்டேன்.

ரிட்டயர் ஆன மறு ஞாயிறே போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சிக்கு இனி நேரம் இருக்குமே" என்றார். அன்றைக்கே சபைச் செயலாளர் ஆனேன். பிறகு பாடகர் குழு, அடக்க நிதி, அறுவடைப் பண்டிகை ஏலம், கல்லறைத் தோட்டத்துச் சாவி என்று எது வந்தாலும், "டக்ளஸ் அண்ணன் பாத்துக்கிடுவாரு" என்று ஆகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது அத்தான், எனக்கும் அது பிடித்திருந்தது. ஃபாக்டரியை விட்டு வந்தபின் நம்மை யார் தேடப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். தேடி வந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில்தான் ஓடினேன். வரவர சந்தோஷம் போய்விட்டது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்போது போன் அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேரல் குழுவைக் கூட்டிக்கொண்டு தேஹு ரோட்டில் நம்ம சபைப் பையன் டெக்ஸ்டர் வீட்டுக்குப் போனேன். கிடாரும் டிரம்முமாகப் பாடி முடித்து, குடும்பத்துக்காக உருக்கமாக ஜெபம் பண்ணிக் கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு மராட்டிக் குடும்பம் பயபக்தியோடு கைகூப்பி நிற்கிறது. டெக்ஸ்டர் வீடு மேல் மாடியாம், அவன் பால்கனியிலிருந்து, "அங்கிள், இங்க" என்று கத்தியது எங்கள் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த அம்மாள் எல்லோருக்கும் போஹா என்கிற அவல் உப்புமாவும் சாயும் கொடுத்து, அடுத்த வருஷமும் வரணும் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குமேல் மாடியேறிப் போய் டெக்ஸ்டர் வீட்டுக் கேக் தின்ன யாருக்கும் வயிற்றில் இடமில்லை, டெக்ஸ்டர் மனைவிக்கு இன்னும் வருத்தம்தான். இதாவது போகட்டும். போன சனிக்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஓர் அடக்கம், சாயந்திரம் லிபின், ஃபேபியோலா கல்யாண வரவேற்பு. நம்ம சபையில் நன்றியுரை இல்லாமல் எதுவும் முடியாது, இரண்டுக்கும் நான்தான் நன்றியுரை. சாயந்திரம் மைக்கைப் பிடித்தேன், வாய் அதுபாட்டுக்குப் பேசியது, பார்த்தால் பிரியாணித் தட்டோடு இருந்தவர்கள் எல்லாம் அப்படியே நிற்கிறார்கள். "இக்குடும்பத்தின் ஈடுசெய்ய முடியாத இழப்பில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி" என்று சொல்லியிருக்கிறேன். பெண்ணின் அப்பா, "சரியாத்தான சொல்லுதாரு" என்று கர்சீப்பை எடுத்து அழ ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை சிரித்தான், அவன் அம்மா சிரிக்கவில்லை. நான் சாப்பிடாமலே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கல்யாண வீட்டில்கூட நமக்கு ஒரு சந்தோஷம் வரமாட்டேன் என்கிறதே என்று உட்கார்ந்து அழுதேன்.

ரெனிட்டா திட்டவில்லை. "அப்பா, பிடிச்சா செய்ங்க. பயந்து செய்யாதீங்க" என்றாள். அரைகுறைத் தமிழில் சொன்னாலும் சுருக்கென்று பட்டது. வருகிற ஞாயிறு சபைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவள் போதகராக நடிக்க, நான் "முடியாது ஐயா" என்று சொல்லிப் பழகுகிறேன். முதல் தடவை, "முடியாதுதான், ஆனா பாக்கேன்" என்று வந்தது. இப்போது பரவாயில்லை. திங்கட்கிழமை ரயிலேறி நானும் பாக்கியவதியும் உங்களிடம் வந்து ஒரு மாதம் இருக்கப்போகிறோம். ரிட்டயர் ஆனதும் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்குச் சொன்ன வார்த்தையை இன்னும் நான் காப்பாற்றவில்லை. பாவம், பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். இந்தத் தடவை அவளை ஏமாற்ற மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கர்த்தர் ஒரு குறையும் வராமல் நடத்துவாராக.

உங்கள் அன்பு மைத்துனன்,
டக்ளஸ்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்து போய்விட்டது. கூட்டத்தில் எழுந்து, முடியாது என்று தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள், போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி வெளியே சொல்லாமல் களைத்துப்போனவர்கள் சபையில் இன்னும் எத்தனை பேரோ, அவர்களைக் கவனிக்க ஓர் ஓய்வுக் கமிட்டி உடனே வேண்டும், அனுபவப்பட்டவரே அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்றார். முதல் கூட்டம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, என் வீட்டில். ஆகவே பாக்கியவதி மட்டும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறாள், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பும்படி அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன். ரயில் நகர்ந்ததுமே தன் ஓய்வு ஆரம்பம் என்கிறாள். திரும்பி வர டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். ஒரு தடவைகூடப் பழகாமல், "முடியாது" என்று சொல்லிவிட்டாள்.