ஒரே நாளில் ஒன்பது இடம்

ஆண்டுக் கடைசியில் குளிர் இறங்கி, தெருக் கம்பங்களில் சின்னச் சின்ன மின்விளக்குகளைச் சுற்ற ஆரம்பித்ததும், வீட்டுக்கு ஒருவர் புதிதாக முளைப்பார். பதினோரு மாதமாக சோபாவின் மூலையில் கிடந்து, தண்ணீர் கேட்பதற்கு மட்டும் வாயைத் திறந்த அதே மனிதர்தான். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இந்த வருஷம் ஒண்ணு விடாம பாத்துடணும்" என்பார். அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு விடுமுறை முடிந்தது.

இந்த இனத்துக்குப் பட்டியல்காரர் என்று பெயர் வைப்போம். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. நகரத்தைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் எங்கெல்லாம் விளக்கு எரிகிறதோ, எங்கெல்லாம் பனிச்சறுக்குத் தளம் போட்டிருக்கிறார்களோ, எந்த ஏரியில் படகுகளுக்கு அலங்காரம் செய்திருக்கிறார்களோ, அத்தனையும் அவர் பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிமிஷம் குறித்திருக்கும். போய்விட்டு வந்தபின், "படகு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறு அஞ்சுக்கே முடிச்சிட்டோம்" என்பார். படகைக் கேட்டால் மணியைச் சொல்கிற மனிதரை என்ன செய்வது?

நமக்குத் தெரிந்த பட்டியல்காரர் ஒருவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் டீக்கடையில் நின்று தாமதம் செய்கிறார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வாய்க்கு வாய் "ரைட்" சொல்வதால் பணிமனையில் அவருக்கு 'ரைட்' என்றே பெயர். பாவம், கெட்ட மனிதர் இல்லை. வீடும் நாலு சக்கரத்தில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அதுதான் குறை.

போன வருஷம் ஏழாவது இடத்துக்குப் போகும் வழியில் வீட்டுக்காரி அழுதுவிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கையில் நரம்பைத் தேடித் தேடிக் கண் பூத்தவள். வருஷத்தில் குடும்பத்தோடு சேர்ந்து கிடைப்பது அந்த ஒரே நாள். அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, ஒன்பது இடமோ தொண்ணூறு இடமோ, நான் வாயைத் திறக்கல. ஆனா அழுகை சண்டை இல்லாம எல்லாரும் முகத்துல சிரிப்போட வீடு வந்து சேரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் நானும் பிள்ளைங்களும் எங்க அப்பாவும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க உங்க பட்டியலைக் கூட்டிக்கிட்டுத் தனியா சுத்துங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். சண்டை ஏன் வருகிறது என்று ரைட் இரவெல்லாம் யோசித்தார். கடைசியில் கண்டுபிடித்தார்: ஆளைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. நேரம் போவதால்தான் சண்டை! உடனே போய் ஐந்து பேருக்கும் பளிச்சென்று சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கிவந்தார். எந்தக் கூட்டத்திலும் தன்னைத் தவிர நாலு தொப்பியை எண்ணினால் போதும். நாலு இருந்தால் ரைட்.

என்ன மூளை பாருங்கள். அந்தத் தொப்பியைத் தள்ளுபடியில் குவித்து வைத்திருந்த கடைக்குப் பாதி நகரமே போய்வந்திருக்கும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

மதியம் பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பியது. முதல் இடம் பொம்மை ரயில் கண்காட்சி. இரண்டு பெண்களில் சின்னவள், ரயில் குகைக்குள் போவதைப் பார்த்தாள். வெளியே வருவதைப் பார்க்கவில்லை. "அது வரும்டா கண்ணு, வராம எங்க போகும்?" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பனிச்சறுக்குத் தளத்தில் பெரியவள் ஒரு காலுக்கு வார் கட்டி முடித்தாள், மறு காலுக்கு முன் நேரம் முடிந்தது. குதிரை வண்டியில் ஏறினார்கள், இறங்கினார்கள். குதிரை நடந்ததா என்பதில் இன்றுவரை வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

மாமனார் மட்டும் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மப்ளரை மூக்குவரை சுற்றி, தொப்பியைப் புருவம்வரை இழுத்து, மாப்பிள்ளை ஏறச் சொன்னால் ஏறினார், இறங்கச் சொன்னால் இறங்கினார். வீட்டுக்காரியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாயைத் திறக்கவில்லை. உதட்டைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது இடம் கண்ணாடிக் கூரைத் தோட்டம். நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மரம். அதில் விளக்குகள் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மெல்ல மாறும். வாசல் ஓர நீண்ட பெஞ்சில் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு பத்துக்கு ரைட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியையும் பெண்களையும் வண்டிக்கு விரட்டினார், பெஞ்சுக்கு ஓடினார், "மாமா, ரைட், எழுந்திரிங்க!" என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். பின்னிருக்கையில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். நாலு தொப்பி. வண்டி பறந்தது.

இருபது நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, அடுத்தது படகுதானே?"

மாமனார் ஒரு நாளும் அடுத்தது என்ன என்று கேட்டதில்லை. தம்பி என்று கூப்பிட்டதும் இல்லை.

பெரியவள் திரும்பி உற்றுப் பார்த்தாள். "அப்பா... இது நம்ம தாத்தா இல்ல."

"நான் அப்பவே பாத்தேன்," என்றாள் சின்னவள். "பேசினா நேரம் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரைட் வண்டியை ஓரம் கட்டினார். பெரியவர் மப்ளரை இறக்கிவிட்டு, கொஞ்சமும் பதறாமல் சொன்னார். "என் பையனும் இப்படித்தான்பா. காலையிலேருந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கான். நீ இழுத்தே, வந்தேன். யாரு இழுக்கறான்னு திரும்பிப் பாக்கற பழக்கம் விட்டுப்போச்சு."

வீட்டுக்காரி கணவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டை இன்னும் அழுத்திக் கடித்தாள். அவள் கத்தியிருந்தால் ரைட்டுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

திரும்பிப் போகும்போது எதிரே வந்த கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. அந்த மனிதரின் நெஞ்சைப் பிளந்து பார்த்திருந்தால் ஒரு பக்கம் மாமனார், மறு பக்கம் ஐந்தே முக்கால் படகு, இரண்டும் இருந்திருக்கும். வேண்டுமானால் திட்டுங்கள். ஆனால் மாமனார்தான் பெரிய பக்கம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்து வாசலில் இன்னொரு சிவப்புத் தொப்பிக்காரர் கையில் மடித்த தாளோடு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். பெரியவரின் மகன். தகப்பனைக் கட்டிக்கொண்டார், ரைட்டை நான்கு வார்த்தை கடுமையாகத் திட்டினார், ரைட் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒருவர் கையில் இருந்த பட்டியலை மற்றவர் எட்டிப் பார்த்தார்.

"உங்க பட்டியல்ல மேற்குப் பக்கப் பொம்மலாட்டம் இல்லையே?" என்றார் மகன்.

"அங்க வண்டி நிறுத்த இடம் கிடையாதுங்க. நீங்க படகை எப்படி ஏழு மணிக்கு வெச்சீங்க?"

"ஏங்க!" என்றாள் வீட்டுக்காரி. அந்த நாளின் முதல் வார்த்தை. "எங்க அப்பா எங்க?"

அப்பா பெஞ்சின் கடைசியில் இருந்தார். கையில் சூடாக ஒரு கோப்பை தேநீர். தன்னை விட்டுவிட்டுப் போனதே அவருக்குத் தெரியாது. "வாங்க மாப்பிள்ளை," என்றார். "இன்னிக்குத்தான் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார விட்டீங்க. ரொம்ப சந்தோஷம். இந்த மரத்துல எல்லாக் கலரும் வந்துடுச்சு, நீலம் மட்டும் வரல. வந்ததும் கிளம்பிடலாம்."

வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அக்கா வீடு.

மணி ஐந்து பத்து. இப்போதே ஓடினால் படகைப் பிடிக்கலாம். ரைட்டின் விரலில் வண்டிச் சாவி ஆடியது. பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டால் அதை விரட்ட மாட்டார்கள். அது அன்று போகவேண்டிய மீதி நடைகளை ரத்து செய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இருபது வருஷமாக அடுத்தவர் வண்டிக்கு அந்த உத்தரவைப் போட்டவர், இப்போது சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நடை ரத்து," என்று சொல்லிவிட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீலம் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. பெண்கள் இருவரும், அந்த மகனோடு வந்திருந்த பெரியவரின் பேத்தியோடு மரத்தைச் சுற்றி ஓடினார்கள். இரண்டு கிழவர்களும் மப்ளரை அவிழ்த்துவிட்டுத் தங்கள் முழங்கால்களைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். வீட்டுக்காரி கணவன் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவர் தோள் மரத்துப்போயும் அசையவில்லை. ஏழு மணிக்கு எல்லாரும் சிரித்த முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அக்கா வீட்டுப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைப்பீர்கள். அடுத்த வருஷப் பட்டியல் இப்போதே தயார். அதில் நாலாவது வரி: '4.10 முதல் 5.40 வரை: சும்மா உட்காருதல். அனைவரும் சரியான நேரத்துக்கு உட்கார வேண்டும்.' வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு வந்துவிட்டதால் அவரும் அந்த வரிக்கு நேரே முடிந்தது என்று ஒரு குறி போட்டுக்கொண்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? நல்லது. பின் ஏன், குதிரை வண்டி வந்த இடத்திலேயே ஒருமுறை, இந்தக் கதை முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கீழே எட்டிப் பார்த்தீர்கள்?